பீனிசத்துக்குக் கைமருந்து: எதைக் குடிக்கலாம், எதை மூக்கில் விடக்கூடாது

வாசகியின் கடிதம்:

வணக்கம் டொக்டர் அக்கா. எனக்கு 38 வயது. திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன், ஆசிரியை. ஆறு வருடமாக விடியற்காலையில் எழும்பியவுடன் பதினைந்து, இருபது தும்மல் வரும். மூக்கால் தண்ணீராக ஓடும், பிறகு அடைத்துவிடும். மாரி தொடங்கினால் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழேயும் கல்லை வைத்ததுபோல் பாரம். இரவில் பிரிட்டோன் குளிசை போட்டால்தான் நித்திரை, ஆனால் காலையில் வகுப்பில் கண் சொருகுகிறது. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், மஞ்சள் பால் குடித்தேன், நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தேன். மாமி மூக்கில் நல்லெண்ணெய் விடச் சொல்கிறார். கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை மூக்கால் உறிஞ்சினால் மாறும் என்று ஒருவர் சொன்னார். கனடாவில் இருக்கும் அண்ணா பட்டர்பர் என்று ஒரு மூலிகைக் குளிசை அனுப்பியிருக்கிறார். கூடப் படிப்பிக்கும் ஒருவர் தந்த சூரணத்தில் மூன்று நாளிலேயே தும்மல் நின்றது, விட்டவுடன் திரும்பி வந்துவிட்டது. இப்போது ஒன்பது வயது மகனுக்கும் இரவில் இருமலும் இழுப்பும். அவனுக்குக் கொடுத்த பம்பை நிறுத்திவிட்டு மூலிகைக்கு மாறலாமா? எங்கள் இருவருக்கும் இது ஒரேயடியாக மாறுமா?

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நீங்கள் கடைசியில் எழுதியதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மகனின் பம்பை நிறுத்த வேண்டாம். நான் சித்த வைத்தியம் படித்து, இருபது வருடத்துக்கு மேலாக அதையே செய்து வருகிறவள். ஆனாலும் இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை.

இழுப்புக்கு டொக்டர்மார் பொதுவாக இரண்டு வகைப் பம்ப் கொடுப்பார்கள். நீல நிறத்தில் இருப்பது, மூச்சு முட்டும்போது குழாயை உடனே விரித்துவிடும். மற்றது பெரும்பாலும் மண்ணிறமாக இருக்கும். அது மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் வீக்கத்தை நாளாந்தம் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுவது. அந்த இரண்டாவதை நிறுத்தினால் மறுநாளே ஒன்றும் தெரியாது. ஒரு கிழமை, இரண்டு கிழமை பிள்ளை நன்றாகவே ஓடி விளையாடுவான். மூலிகை பிடித்துவிட்டது என்று நமக்கும் தோன்றும். பிறகு ஒரு மழை இரவில் தடிமன் வரும், அதோடு முட்டும் வரும், அவனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஓட வேண்டியிருக்கும். அப்படி ஓடி வந்த தாய்மார் பலரை நான் கண்டிருக்கிறேன். தூதுவளையும் துளசியும் அவனுக்குத் துணையாக இருக்கலாம், அந்தப் பம்பின் இடத்துக்கு அவற்றால் வர முடியாது.

அடுத்தது அந்தச் சூரணம். அதை இன்றைக்கே எடுத்து ஒரு பக்கம் வையுங்கள், எறிந்துவிட வேண்டாம். தந்தவரிடம் கேளுங்கள்: செய்தது யார், என்னென்ன சரக்குப் போட்டது, செய்தவர் பதிவு பெற்ற வைத்தியரா. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்படி சித்த வைத்தியரும் பதிவு செய்தே தொழில் செய்ய வேண்டும். பேரும் இல்லாமல், லேபலும் இல்லாமல் ஒரு டின்னில் வரும் தூளுக்கு யார் பொறுப்பு?

ஆறு வருடத் தும்மலை மூன்றே நாளில் துடைத்தெடுக்கும் சூரணம் எதையும் நான் படித்ததும் இல்லை, இடித்ததும் இல்லை. மூலிகை அப்படி வேலை செய்யாது. அப்படி வேலை செய்வது ஸ்டீரொய்ட் என்ற, வீக்கத்தை வேகமாக அடக்கும் ஆங்கில மருந்து. பிரெட்னிசொலோன், டெக்சாமெத்தசோன் போன்ற குளிசைகளைத் தூளாக்கி நாட்டு மருந்தில் கலந்து விற்பது பல நாடுகளில் பிடிபட்ட விஷயம். சில வருடங்களுக்கு முன் ஒருவர் என்னிடம் வந்தார். இழுப்புக்கு ஒரு தூள் சாப்பிட்டு வந்தாராம், எட்டு மாதம். முகம் உருண்டு வீங்கியிருந்தது, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பருத்திருந்தது, அதுவரை இல்லாத சீனி வருத்தமும் வந்திருந்தது. 'சுத்த மூலிகை' என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள். அவரைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. என் தொழிலின் பேரில் அல்லவா அதைச் செய்கிறார்கள்.

நீங்கள் சில நாள்தான் எடுத்தீர்கள் என்றால் விட்டுவிடலாம். அதைத் தந்தவர் தானும் மாதக்கணக்கில் எடுத்து வருகிறார் என்றால், அவர் தானாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று சொல்லுங்கள். வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் வந்துகொண்டிருந்தால் உடம்பு தன்னுடையதைச் சுரப்பதைக் குறைத்துவிடும், சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழும் அளவுக்கு ஆபத்து வரலாம். டொக்டரிடம் காட்டிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

சரி, இனி உங்கள் மூக்குக்கு வருவோம்.

எழும்பியவுடன் தொடர் தும்மல், தெளிந்த நீர், அப்புறம் அடைப்பு, காய்ச்சல் கிடையாது, வருடக்கணக்காக இதே கதை. சித்தத்தில் இதைப் பீனிசம் என்கிறோம், ஆங்கில வைத்தியத்தில் ஒவ்வாமை மூக்கழற்சி என்பார்கள். கிருமியால் வரும் தடிமன் என்றால் ஒரு கிழமை, பத்து நாளில் போய்விடும். உங்களுடையது மூக்கின் உட்தோல் ஏதோ ஒரு தூசியைப் பகைவனாக நினைத்து, ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டிச் சண்டை பிடிப்பதால் வருவது. நெற்றிப் பாரம் அதன் பின்விளைவு. முகத்து எலும்புக்குள் நாலு சோடிக் காற்றறைகள் இருக்கின்றன, அவைதான் சைனஸ். அவற்றின் வாசல்கள் மிகச் சிறியவை, மூக்குக்குள்தான் திறக்கின்றன. மூக்கின் தோல் வீங்கினால் வாசல் அடைபடும், உள்ளே ஊறும் சளி வெளியே வர வழியில்லாமல் தேங்கும். ஆகவே சைனஸுக்கு என்று தனியாக மருந்து தேடுவதை விட, மூக்கின் வீக்கத்தை இறக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

எந்தத் தூசி என்பதுதான் கேள்வி. உங்களுக்கு வீட்டுக்குள், விடியற்காலையில், மாரியில் கூடுகிறது. என் சந்தேகம் படுக்கையின் மேல். தூசிச் சிற்றுண்ணி என்று ஒன்று உண்டு, கண்ணுக்குத் தெரியாது. மெத்தையிலும் தலையணையிலும் நம் உடம்பிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும். அதன் கழிவுதான் பலருக்கு ஒவ்வாமை. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சியே வாழும். ஈரப்பதன் 50 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் காய்ந்து சாகத் தொடங்கும். கடலோரத்தில், அதுவும் ஐப்பசி முதல் தை வரை வாடையும் மழையுமாக இருக்கும் திருகோணமலையில், அதற்கு என்றைக்கும் விருந்துதான். சுவரில் பூஞ்சணம் படர்வதும் அதே மாதங்களில். கச்சான் காற்று அடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரையான மாதங்களில் உங்களுக்குக் குறைகிறதா, கூடுகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. கச்சானில் கூடினால் வெளித் தூசியையும் சேர்த்து யோசிக்க வேண்டும். நான் தம்பலகாமத்தில் பிறந்தவள். சூடடிக்கும் காலத்தில் வைக்கோல் தூசியில் என் அப்பா தும்முவது அடுத்த வளவுக்கும் கேட்கும். அவர் பெரிய பரியாரியார், ஊரெல்லாம் மருந்து கொடுத்தவர். தன் தும்மலுக்கு மட்டும் அவர் கண்ட வழி, வாயையும் மூக்கையும் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு களத்துக்குப் போவதுதான்.

எனவே முதல் மருந்து உங்கள் படுக்கையறையில்தான் தொடங்குகிறது. தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வை எல்லாவற்றையும் கிழமைக்கு ஒரு தடவை சுடுதண்ணீரில் துவைக்க வேண்டும், 60 பாகை அளவு சூடு. பெரிய சட்டியில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றி ஊற வைத்தால் போதும். பழைய பஞ்சுத் தலையணையை மாற்றிவிடுங்கள். வெயில் கண்ட நாளில் மெத்தையைத் தூக்கி வெளியே போடுங்கள், இரண்டு பக்கமும் நன்றாகக் காயட்டும். மகன் கட்டிப்பிடித்துப் படுக்கும் பொம்மை ஏதும் இருந்தால் அதையும் துவைக்க வேண்டும். கூட்டும்போது தூசி எழும்பும், ஈரத் துணியால் துடைப்பதே நல்லது. பாடசாலையில் கரும்பலகை அழிப்பதற்கும் அதேதான், ஈரத் துணி.

சாம்பிராணியைப் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கப் புகை போட்டுக் கதவைச் சாத்தி வைப்பது உங்கள் இருவரின் மூக்குக்கும் நெஞ்சுக்கும் ஆகாது. சாமியறையில் ஒரு விளக்கும் பூவும் போதுமென்று மாமியிடம் கதைத்துப் பாருங்கள். நுளம்புச் சுருள் அதைவிட மோசம். ஒரு சுருள் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரை எரிப்பதற்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதற்காக நுளம்பை விட்டுவிடவும் முடியாது, 2017இல் கிண்ணியாவில் டெங்கு எடுத்த உயிர்களை நாம் யாரும் மறக்கவில்லை. நுளம்பு வலை கட்டுங்கள், யன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள். வலையையும் இடைக்கிடை துவைக்க வேண்டும், அதுவும் தூசி பிடிக்கும்.

இனி, மருந்தில்லாத மருந்துகளில் நான் முதலிடம் கொடுப்பது உப்புத் தண்ணீரால் மூக்கைக் கழுவுவதற்கு. யோகத்தில் இதற்கு ஜலநேதி என்று பேர். மேல்நாட்டுக் காது, மூக்கு, தொண்டை நிபுணர்களும் இன்று இதையே எழுதிக் கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் நாட்பட்ட சைனஸ் தொல்லை உள்ள 800க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்து 2016இல் வெளியானது. மூக்கைக் கழுவியவர்களுக்குத் தொல்லை குறைந்தது, ஆவி மட்டும் பிடித்தவர்களுக்குத் தலையிடியைத் தவிர மற்றதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தூசியையும் சளியையும் வெளியே கொண்டுவந்துவிடுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை.

செய்முறையை அப்படியே பின்பற்றுங்கள். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, தளதளவென்று கொதி வந்த பிறகும் ஒரு நிமிடமாவது விட்டு இறக்குங்கள். மூடி வைத்து, கையில் விட்டால் இதமாக இருக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். கால் லீற்றர் தண்ணீருக்குத் தேக்கரண்டியில் அரைக்கும் சற்றுக் குறைவாக உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. கடை உப்பில் அயடீன் இருக்கும், சிலருக்கு அது எரியும். எரிந்தால் ஃபார்மசியில் சேலைன் வாங்கிப் பாவியுங்கள். வெறும் தண்ணீரை விட்டால் குளத்தில் மூழ்கியதுபோல் மூக்கு சுள்ளென்று வலிக்கும், உப்பு சரியாக இருந்தால் ஒன்றும் தெரியாது. நேதிக் கிண்டி இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்ச் போதும். தொட்டியின் மேல் குனிந்து, தலையைப் பக்கவாட்டில் சரித்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேலே இருக்கும் நாசியில் மெதுவாக விடுங்கள். மற்ற நாசியால் ஒழுகி வரும். விடும்போது 'ஆ' என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தால் தொண்டைக்குள் இறங்காது. முடிந்ததும் இரண்டு பக்கமும் திறந்திருக்க மெதுவாகச் சிந்துங்கள். ஒரு பக்கத்தைப் பொத்திப் பலமாகச் சிந்தினால் தண்ணீர் காதுக்குள் ஏறும். காதுக்குத்து இருக்கும் நாளிலும், இரண்டு பக்கமும் முற்றாக அடைத்திருக்கும்போதும் செய்ய வேண்டாம். கிண்டியைக் கொதிநீரால் கழுவிக் காயவையுங்கள். கலந்த தண்ணீர் அன்றன்றைக்கு மட்டும்தான்.

தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏன் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் நேக்ளேரியா என்ற அமீபா. வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கால் ஏறினால் மணம் அறியும் நரம்பு வழியே மூளைக்குப் போய்விடும், அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் மிகச் சிலர்தான். 2011இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் நேதிக் கிண்டியில் பாவித்த இருவர் இப்படி இறந்தார்கள். அரிதான நோய்தான். ஆனால் ஒரு கேத்தல் தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் தவிர்த்துவிடக்கூடியது. கிணற்றுத் தண்ணீரோ, குழாய்த் தண்ணீரோ, ஃபில்டரில் வடித்ததோ எதுவானாலும் கொதித்தே மூக்குக்குப் போக வேண்டும்.

இதை வைத்தே கன்னியாவுக்கும் பதில் சொல்லிவிடலாம். இராவணன் தாயாருக்குக் கிரியை செய்த இடம் என்று நாம் போற்றும் ஏழு கிணறுகள் அவை. நானும் ஆடிக்கு ஒரு தடவை போய்க் குளித்து வருகிறவள். வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுங்கள், உடம்பு வலிக்கு அந்த இளஞ்சூடு எவ்வளவோ இதம். ஆனால் அந்தச் சூடு நான் சொன்ன அமீபா விரும்பும் சூடு. அங்கே அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இயற்கையான வெந்நீரூற்று எதுவாக இருந்தாலும், உலகில் எங்கு இருந்தாலும், அதை மூக்கால் உறிஞ்சக்கூடாது என்பதுதான் விதி. மகனுக்கும் சொல்லி வையுங்கள், பிள்ளைகள் விளையாட்டாக உறிஞ்சுவார்கள்.

மாமி சொல்லும் நல்லெண்ணெய். பெரியவர்கள் சொல்வதில் அடிப்படை உண்டு, மூக்கில் மருந்தெண்ணெய் விடும் நசியம் எங்கள் வைத்தியத்தில் உள்ளதுதான், நானும் செய்கிறேன். ஆனால் அது ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, சில நாள் மட்டும், விட்ட பிறகு தொண்டைக்கு வந்ததைத் துப்ப வைத்துச் செய்வது. படுக்கும்போது தினமும் இரண்டு துளி விட்டுக்கொண்டு நித்திரைக்குப் போவது வேறு. தண்ணீர் நெஞ்சுக்குள் இறங்கப் பார்த்தால் இருமல் வந்து தள்ளிவிடும், எண்ணெய் வழுவழுப்பாக இருப்பதால் இருமலைக் கிளப்பாமல் இறங்கிவிடும். மாதக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் எண்ணெய் நிமோனியா என்ற வருத்தம் வரும். வயதானவர்களுக்கு இந்த ஆபத்து கூட. மாமி தானும் விட்டுக்கொள்கிறார் என்றால் அவரையும் நிறுத்தச் சொல்லுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்து முழுகுவதில் குற்றமில்லை, மாரியில் மட்டும் வெயில் ஏறிய பிறகு முழுகித் தலையை உடனே துவட்டிவிடுங்கள்.

நொச்சி ஆவி உங்களுக்குப் பிடித்திருந்தால் பிடியுங்கள், சளி இளகும், தலைப்பாரம் குறையும், அந்த மணமே ஒரு சுகம். ஒவ்வாமையை அது மாற்றாது. ஆனால் மகனுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்குக் கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்த காயங்களை நான் பார்த்திருக்கிறேன், அதற்குப் பிறகு எந்தத் தாய்க்கும் நான் இதைச் சொல்வதில்லை. அவனுக்குச் சேலைன் துளிகளே போதும். ஆவித் தண்ணீரில் கற்பூரம் போடுவதையும் விடுங்கள், சிறு பிள்ளை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரக்கூடிய பொருள் அது. சித்தாலேப மாதிரித் தைலங்களைப் பூசியவுடன் மூக்குத் திறந்ததுபோல் இருக்குமே, அது மெந்தோல் செய்யும் வேலை. குளிரை உணரும் நரம்பை அது தட்டிவிடுகிறது, காற்று போகும் பாதை அப்படியேதான் இருக்கும். நித்திரை வர உதவுமென்றால் பெரியவர்கள் நெஞ்சில் பூசலாம், நாசிக்குள் வேண்டாம்.

குடிநீருக்கு வருவோம். கொத்தமல்லியை இலேசாக வறுத்து, பெருவிரலளவு இஞ்சி தட்டிப் போட்டு, நாலு கோப்பை தண்ணீரை ஒரு கோப்பையாக வற்ற வைத்துக் குடியுங்கள். தடிமன் நாளில் எனக்கும் அதுதான். மஞ்சள் பாலில் மிளகு சேர்த்துத்தான் நம் வீடுகளில் செய்வோம். அதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. மஞ்சளின் குர்குமின் தனியே போனால் குடல் அதிகம் உறிஞ்சாது, மிளகின் பிப்பெரின் அதைப் பல மடங்கு கூட்டும் என்று 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு காட்டியது. ஆனால் பிப்பெரின் வேறு சில மருந்துகளையும் அதேபோல் இரத்தத்தில் கூட்டும். வலிப்புக்குக் கொடுக்கும் பெனிடோயின், இழுப்புக்குக் கொடுக்கும் தியோபிலின் எடுப்பவர்கள் திப்பிலி, மிளகு, வேர்க்கொம்புச் சூரணங்களைக் கரண்டி கரண்டியாக விழுங்கக்கூடாது. சமையலில் போடுவதில் பயமில்லை.

ஆடாதோடை எனக்கு மிகவும் பிடித்த மூலிகை. ஃபார்மசியில் சளி இளக்க வாங்குகிறோமே புரோம்ஹெக்சின், அது ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற சத்தைப் பார்த்துச் செய்ததுதான். நெஞ்சுச் சளிக்கு நல்லது, மூக்குத் தும்மலுக்கு அவ்வளவாக உதவாது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது, கருப்பையைச் சுருக்கும். அதிமதுரம் தொண்டைக் கரகரப்புக்கு இதம், ஆனால் நாள்தோறும் எடுத்தால் இரத்த அழுத்தத்தைக் கூட்டி உடம்பின் பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் உள்ளவர்கள் பைக்கற்றில் வரும் மூலிகைத் தேத்தண்ணியிலும் அது இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். தேன் பிள்ளையின் இரவு இருமலுக்கு உதவும், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் கூடவே கூடாது. ஊர்த் தேன் சாப்பிட்டால் மகரந்த ஒவ்வாமை மாறும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. தேனீ எடுத்து வருவது பூவின் மகரந்தம், நம்மைத் தும்ம வைப்பது பெரும்பாலும் காற்றில் பறக்கும் புல்லின் மகரந்தம்.

அண்ணா அனுப்பிய குளிசை. பட்டர்பர் ஐரோப்பாவில் ஈர நிலத்தில் வளரும் ஒரு செடி. தும்மலுக்கு அது வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் உண்டு. 2002இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில் செட்டிரிசின் என்ற ஒவ்வாமைக் குளிசைக்கு நிகராக நின்றது. அதனால்தான் அண்ணா நம்பி அனுப்பியிருப்பார். ஆனால் அந்தச் செடியில் ஈரலைக் கெடுக்கும் நச்சு இருக்கிறது. அதை நீக்கிச் செய்ததாகச் சொன்ன குளிசைகளிலும் ஈரல் பாதிப்பு வந்ததாக முறைப்பாடுகள் வந்தன. 2012இல் பிரித்தானியா அவற்றைக் கடைகளிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டது. வேலை செய்யும் மூலிகை என்பதற்காகக் கெடுதல் இல்லாத மூலிகை என்று எடுத்துக்கொள்ள முடியாது. அண்ணாவுக்கு நன்றி சொல்லுங்கள், குளிசையைத் திறக்க வேண்டாம்.

ஆங்கில மருந்தை முற்றாக விட வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது, வகுப்பில் கண் சொருகினால் யாருக்கும் வெறுப்பு வரும். பிரிட்டோன் ஒவ்வாமைக் குளிசைகளில் பழைய வகை, மூளைக்குள் போய்த் தூங்க வைக்கும். செட்டிரிசின், லொரட்டடின் போன்ற பிந்திய வகைகளில் அந்த மயக்கம் குறைவு. டொக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். அடைப்புக்கும் பாரத்துக்கும் குளிசையை விட மூக்கில் அடிக்கும் ஸ்டீரொய்ட் ஸ்பிரே நன்றாக வேலை செய்யும். அந்தச் சூரணத்தைத் திட்டிவிட்டு நானே ஸ்டீரொய்ட் சொல்கிறேனே என்று யோசிப்பீர்கள். இது அளவு தெரிந்தது, மூக்கோடு நிற்பது, இரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அடித்த அன்றே பலன் தேடாதீர்கள், இரண்டு கிழமை தொடர்ந்து அடித்த பிறகுதான் முழுப் பலன் தெரியும். மூக்கைக் கழுவிக் கால் மணித்தியாலம் விட்டு, குழாயை நடுத் தண்டுக்கு நேரே பிடிக்காமல் அந்தந்தப் பக்கக் காதை நோக்கிச் சரித்து அடியுங்கள். நடுவில் அடித்தால் இரத்தம் கசியும். ஃபார்மசியில் கேட்டு வாங்கும் மூக்கடைப்புத் துளிமருந்தை மட்டும் ஐந்து நாளுக்கு மேல் தொடாதீர்கள், பிறகு அது இல்லாமல் மூக்கே திறக்காத நிலை வந்துவிடும்.

ஒரேயடியாக மாறுமா என்று கேட்டீர்கள். ஒவ்வாமை உடம்பின் இயல்பு, அடியோடு பிடுங்கித் தருகிறேன் என்று சொல்பவரை நம்ப வேண்டாம், அவர் எந்த வைத்தியத்தவராக இருந்தாலும் சரி. பரிசோதனை செய்து எந்தப் பொருள் என்று கண்டுபிடித்து, அதையே சிறிது சிறிதாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. வருடக்கணக்கில் செய்ய வேண்டும், பலருக்கு நீண்ட நாள் பலன் கொடுக்கும். உங்களுக்குத் தேவையா என்பதைக் காது, மூக்கு, தொண்டை நிபுணர் சொல்வார். அதற்கு முன் படுக்கை, கழுவல், ஸ்பிரே மூன்றையும் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் அந்த மூன்று மாதத்திலேயே காலைத் தும்மலை மறந்துவிடுகிறார்கள்.

கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரட்டையாகத் தெரிந்தால், கடும் காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமுள்ள சளியோ இரத்தமோ வந்தாலும் காட்டுங்கள். மேற்பல்லின் வேரில் சீழ் கட்டினாலும் அந்தப் பக்கச் சைனஸ் நிறையும், பல் வைத்தியர் பார்க்க வேண்டிய நோய்க்கு ஆவி பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

இன்னொன்று. மகனுக்குத் தயிர், வாழைப்பழம், பால் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் இழுப்பு என்றவுடன் நம் வீடுகளில் முதலில் அதுதான் நடக்கும். பத்தியத்தை மதிக்கிறவள்தான் நான். ஆனாலும் பால் சளியை ஊற வைப்பதில்லை, தொண்டையில் கொஞ்ச நேரம் கொழகொழப்பாகத் தோன்றும், அவ்வளவுதான். ஒரு சாப்பாட்டின் மேல் சந்தேகம் என்றால் இரண்டு கிழமை நிறுத்தி, திரும்பக் கொடுத்துப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் வளரும் பிள்ளையின் தட்டுக்கு அது திரும்பி வரட்டும்.

பொது வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு நீங்களும், பிள்ளைகள் கிளினிக்குக்கு மகனும் போக வேண்டும். போகும் நாளில் பம்ப், பிரிட்டோன், சூரண டின், கனடாக் குளிசைப் போத்தல் நாலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். நாட்டு மருந்து எடுத்தேன் என்று சொன்னால் டொக்டர் ஏசுவார் என்று பயந்து மறைப்பவர்கள் அதிகம். ஏசினாலும் பரவாயில்லை, எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வையுங்கள்.